பி.யூ. அடிக்க முன்னம் பழைய பூச்சைப் பாருங்கள்

மட்டக்களப்பில் முன்கதவுக்கு மினுக்கம் போடும் நினைப்பு பலருக்கு ஐப்பசியில்தான் வரும், மாரி தொடங்க முன்னம் முடித்துவிட வேண்டுமென்று. அந்த அவசரத்தில் ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்து அடிக்கும் பி.யூ.வை, அதாவது பொலியூரித்தேன் பூச்சை வாங்கி, கதவில் இருக்கும் எனாமலின் மேலேயே அடித்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் காய்ச்சிய பாலின் ஆடைபோல் பூச்சு சுருங்கி எழும்புகிறது. உடனே பழி பி.யூ. ரின்னின் மேல் விழுகிறது. பெரும்பாலும் பிழை அதில் இல்லை.

எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெதுவாக இறுகும் பூச்சு. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்காகும். பி.யூ.வை இளக்கக் கலக்கும் தின்னர் வீரியம் கூடியது. அது எனாமலுக்குள் இறங்கி, ஊத வைத்துக் கிளப்பிவிடும். பழைய எனாமலும் இதற்குத் தப்பும் என்று நம்ப முடியாது.

எதன் மேல் அடிக்கப் போகிறோம் என்று அறிய எளிய வழி இருக்கிறது. கதவின் கீழ் விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், பி.யூ. தின்னரில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பூச்சு கரைந்து பஞ்சில் பிசுபிசுவென ஒட்டினால் அது என்.சி. எனப்படும் நைட்ரோசெலுலோஸ் லக்கர். தோல் சுருங்கினால் எனாமல் அல்லது எண்ணெய் வார்னிஷ். இவற்றில் எதுவானாலும் மரம் தெரியும்வரை சுரண்டி எடுப்பதுதான் என் முடிவு. சுரண்ட மனமில்லையென்றால், நன்றாக இறுகிய எனாமலை உரசிவிட்டு, ஹார்ட்னர் கலக்காத எண்ணெய் யூரித்தேனைப் பூசலாம். வெள்ளை நிறத்தின் மேல் மட்டும் வேண்டாம், மஞ்சளித்துவிடும். பஞ்சுக்குப் பூச்சு அசையாவிட்டால் 320 சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்த்துவிட்டு பி.யூ. அடிக்கலாம். தேய்க்காமல் அடித்தால் பிறகு தகடு தகடாக உரிந்து வரும்.

கல்லடிப் பக்கம் கடற்கரையோர வீடுகளில் இரும்புக் கேற்றுக்கும் இதே கதைதான். வழக்கமான ரெட் ஒக்சைட் பிரைமரும் எனாமல் இனந்தான், அதன் மேலும் பி.யூ. கிளம்பலாம். உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, எபொக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் பி.யூ. அடியுங்கள். எபொக்சியைத் தனியே விட்டால் வெயிலில் மா பூத்துப் போகும்.

தின்னரில் காசு மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். என்.சி. தின்னரில் பெரும்பாலும் அற்ககோல் இருக்கும். அது ஹார்ட்னரோடு தாக்கமடைந்து, பூச்சை இறுக விடாது. தண்ணீரும் ஹார்ட்னருக்குப் பகை. மழைக்கால ஈரத்தில் காபனீரொட்சைட்டு உண்டாகி, பூச்சுக்குள் ஊசிமுனைக் குமிழ்கள் நிற்கும். ஆகவே மழை நாளில் வேலையை ஒத்திப் போடுங்கள், ஹார்ட்னர் ரின்னைத் திறந்தபடி வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் தொல்லை வேறு: மேற்பரப்பு முதலில் காய்ந்து கரைப்பான் உள்ளே அடைபடும், தூசும் வந்து ஒட்டும். அதிகாலையில் காற்று எழும்ப முன்னம் மெல்லிய பூச்சாக அடிப்பது நல்லது.

ஸ்ப்ரே பிடிப்பவர் முகத்தில் சால்வையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேற் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு ஒவ்வாமல் போனால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணியும் தூசு மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்கா. கூலி பேசும்போதே, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தரும் மாஸ்க்குக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.