ஸ்மித் என்றால் இங்கிலாந்துக்காரர்தானா? ஓர் ஐரிஷ் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் வழி

டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் குடும்பப் பெயர் ஸ்மித். அவருடைய தாத்தாவின் ஊர் கேவன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போல). பெயரை வைத்து, முன்னோர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் அங்கத்திய பதிவேடுகளையே புரட்டினேன். அது தவறான வழி. நீங்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரும் கவுன்டியும் கொடுத்துத் தேடுங்கள். அப்புறம் கையெழுத்துப் படிவத்தின் படத்தையே திறந்து படியுங்கள். தட்டச்சுப் பட்டியலில் எழுத்துகள் மாறியிருக்கும்.

2. பெயரின் ஐரிஷ் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஐரிஷ் மொழியில் 'கவ' என்றால் கொல்லர், 'மாக்' என்றால் மகன். (நம் 'மகன்' போலவே ஒலிக்கிறது; இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை.) ஆக, 'மாக் கவன்' கொல்லர் மகன். ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோது லீட்ரிம், டொனகால் பக்கம் பலர் ஒலியை வைத்து மெக்கவன் என்று எழுதினார்கள். கேவனில் பெரும்பாலும் பொருளை மொழிபெயர்த்து ஸ்மித் ஆக்கிவிட்டார்கள்!

ஆனால் வடகிழக்கில் உள்ள ஆன்ட்ரிம் பகுதி ஸ்மித்களில் பலர் ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். எப்படிப் பிரித்தறிவது? படிவத்தில் மதம், ஐரிஷ் பேசுவாரா என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். கேவன், கத்தோலிக்கர், வீட்டுப் பெரியவருக்கு ஐரிஷ் தெரியும் என்று மூன்றும் சேர்ந்தால் மாக் கவன் வழி என்பதற்கு வலுவான தடயம். முடிவான சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

3. இன்னும் பின்னால் போக, 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீட்டைப் பாருங்கள். வரி விதிப்பதற்காக நிலம், வீடுகளின் மதிப்பைக் கணக்கிட்ட பதிவேடு அது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. அதனால் இந்த மதிப்பீடுதான் கதி. நிலமோ வீடோ வைத்திருந்தவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

4. பெயர் எந்தெந்தப் பகுதியில் பரவியிருந்தது என்று பார்க்க, பிறப்பு இறப்புப் பதிவுத்துறை அதிகாரி மாதிசன் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களைப் பற்றி எழுதிய 1894 அறிக்கை. 1890இல் பதிவான பிறப்புகளை வைத்து எழுதியது. அதில் ஸ்மித் நாட்டிலேயே ஐந்தாவது இடம். ஆன்ட்ரிம், கேவன், டப்ளினில் அதிகம்.

இலவசப் பதிவுகளை முடிக்கும் முன் கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். 'குடும்பச் சின்னம்' விற்கும் கடைகளை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். சின்னம் தனி மனிதருக்கு வழங்கப்பட்டது, குடும்பப் பெயருக்கு அல்ல.

பிற்சேர்க்கை: தேடினால் ஆளே இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்மித்தை நடுவில் 'ஐ' போட்டு ஒருமுறை, 'ஒய்' போட்டு ஒருமுறை தேடுங்கள். அப்புறம் மெக்கவன், மகவன். ஒரே வீட்டார் வெவ்வேறு பதிவில் வெவ்வேறு பெயரில் இருப்பதுண்டு.