அக்சில் சாப்ட் பூட்டும்போது மண் போகாமல் பார்ப்பது

வன்னிச் செம்மண் காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும். கச்சான் காற்று வீசும்போது வெட்டவெளியில் அக்சில் சாப்டை, அதாவது சில்லைச் சுழற்றும் தண்டை, கழற்றவே வேண்டாம். பிறேக் டிரம், அதன் பின்தட்டான பேக்பிளேட் சுற்றியுள்ள சேற்றை முதலில் கழுவிக் காயவிடுங்கள்.

சாப்டை இழுத்ததும் சாப்டை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் அடியைப் பாருங்கள், பழைய சேறு படிந்திருக்கும். துடைக்காமல் பூட்டினால் சாப்டின் உள்நுனியிலுள்ள ஸ்பிளைன் பற்கள் அதைச் சுரண்டி நேரே நடுவிலுள்ள கியர்ப் பகுதியான டிப்பரன்சலுக்குள் தள்ளும். தடியில் துணி சுற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் இழுங்கள். துணி அழுக்கில்லாமல் வரும்வரை. டிப்பரன்சல் ஒயில் பால்தேத்தண்ணி நிறமென்றால் குளத்துத் தண்ணி புகுந்துவிட்டது: ஒயிலை மாற்றுங்கள், பிறீதர் (அக்சிலின் காற்றுத் துவாரம்) அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சீல் (ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கினால் புதுச் சீலும் ஒழுகும், பிறேக் சூ ஒயிலில் ஊறும். சீல் உதட்டில் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள்.

உள்ளே விடும்போது இன்னொருவர் தாங்கிப் பிடிக்கட்டும். பாரம் சீலில் விழுந்தால் உதடு கிழியும். ஸ்பிளைன் பொருந்தாவிட்டால் சாப்டை மெல்லத் திருப்புங்கள். சுத்தியலைத் தொடாதீர்கள்.