பனியில் படுக்க ஒரு டவுன் ஸ்லீப்பிங் பேக்: எதைப் பார்த்து வாங்குவது?

உத்தராகண்டில் கேதார்கந்தா மலை ஏறும் வழியில், ஜூடா கா தலாப் ஏரிப் பக்கம் போட்ட கூடாரத்தில், ஒரு ஜனவரி ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டே கிடந்தேன். வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து படுக்கும் பை அது. உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 10 என்று போட்டிருந்தது, வெளியே குளிரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஊர் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன். நீங்கள் முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள்.

ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி (முன்பு இஎன் 13537) சோதித்த பைக்குப் பொதுவாக மூன்று எண்கள் சொல்வார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து ஒருவழியாகச் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம், அவ்வளவே, உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. உறையில் பெரிதாக இருப்பது பல நேரம் இரண்டாவதோ மூன்றாவதோதான். நீங்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள், அதிலும் எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்து டிகிரி கூடுதலாகத் தாங்குவதை எடுங்கள், ஏனென்றால் வெயிலில் வளர்ந்த நம் உடம்புக்கு அந்த ஐந்து டிகிரி ரொம்பவே தேவைப்படும். மைனஸ் 10 என்றால் கம்ஃபர்ட் மைனஸ் 15. லடாக்கில் உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் சாதர் மாதிரி மைனஸ் 25 வரை இறங்கும் இடத்துக்கு இந்தப் பை போதவே போதாது.

சரி, டவுன் என்றால் என்ன? வாத்தின் வெளியிறகுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற தூவி, பழைய பாட்டுகளில் அன்னத் தூவி என்று வருமே, அந்த மாதிரி. உண்மையில் சூட்டைப் பிடித்துவைப்பது தூவிக்கு நடுவே நிற்கும் காற்றுதான். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதே ஃபில் பவர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: 800 என்று பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடுவார்கள், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். 800 பவர் தூவி 300 கிராம் உள்ள பையைவிட, 600 பவர் தூவி 700 கிராம் உள்ள பை நன்றாகவே சூடாக இருக்கும், தூக்கிச் சுமக்கத்தான் கனம்.

தையலையும் பாருங்கள். மேல்துணியையும் உள்துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கோடு நெடுகத் தூவியே இருக்காது, குளிர் அதன் வழியாக இறங்கும். அறை அறையாகத் தடுத்துத் தைத்த பைதான் பனிக்கு ஆகும். ஜிப்பை ஒட்டி உள்ளே தூவிக் குழாய், கழுத்தைச் சுற்றி ஒரு காலர், இழுத்துக் கட்ட முடிகிற தலைமூடி, இந்த மூன்றும் இல்லாத பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல பையானாலும் முதுகுக்கு அடியில் தூவி நசுங்கிவிடும், அங்கே சூடு கிடையாது. அதனால் கீழே விரிக்கும் பாயும்கூட பை அளவுக்கு முக்கியம். பனி மேல் படுக்க, பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர் வேல்யூ 5 ஆவது வேண்டும். 2 உள்ள ஃபோம் பாய் மேல் 3 உள்ள காற்றுப் பாயைப் போட்டால் கணக்கு சேர்ந்துகொள்ளும்.

தூவிக்கு ஈரம் எதிரி. குளிருதே என்று பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் தூவியில் இறங்கிவிடும். காலையில் வெயில் வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயவையுங்கள். வீட்டில் சுருட்டி அழுத்தி வைக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள்.

வாடகைக்குத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கடையிலேயே விரித்துப் போட்டு ஒரு பதினைந்து நிமிடம் காத்திருங்கள். உப்பி எழவில்லை என்றாலோ, தடவிப் பார்க்கும்போது தூவி கட்டி கட்டியாக ஒதுங்கியிருந்தாலோ, உறையில் எந்த எண் இருந்தாலும் சரி, வேறு பை கேளுங்கள்.