போலீஸைக் காட்டாமல் சாலை விதியைக் கற்றுக்கொடுத்தல்

சிவப்பு விளக்கு எரியும்போது சாலையில் இறங்கப் பார்க்கும் குழந்தையை, "போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று சொல்லி நிறுத்துவது எளிது. ஆனால் அப்படியே பழகிய குழந்தை, போலீஸ் நிற்காத தெருவில் விதியும் இல்லை என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே, விதி எதற்காக இருக்கிறது என்பதை முதலில் புரிய வைக்க வேண்டும்.

இதை வீட்டுத் தரையிலேயே தொடங்கலாம். சாக்பீஸால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சாலைகளை வரைந்து, இரண்டு குழந்தைகளிடம் ஆளுக்கொரு பொம்மை காரைக் கொடுத்து, விருப்பம்போல் ஓட்டச் சொல்லுங்கள். சந்திப்பில் இரண்டும் மோதிச் சண்டை மூண்டதும், யார் முதலில் போவது என்று அவர்களையே ஒரு விதி வகுக்கச் சொல்லுங்கள். பிறகு அதை ஒருவர் மீறும்போது மற்றவருக்கு வரும் கோபமே பாடம்: முன்பின் தெரியாதவர் அடுத்து என்ன செய்வார் என்று நம்புவதற்குத்தான் விதி.

அடுத்த பாடத்திற்கு மைதானம் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரே நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும், அதன் பிறகுதான் வேகமே குறையத் தொடங்கும். அந்த 14 மீட்டரைக் குழந்தையே காலடி வைத்து அளக்கட்டும். "திடீரென்று ஓடாதே" என்று நூறு முறை சொல்வதைவிட இது மனத்தில் தங்கும்.

சாலையோரம் வந்ததும், நிறுத்தி வைத்திருக்கும் வாகனத்தின் அருகே, நடைபாதையிலேயே நீங்களும் மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்தில் இருந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த சாலை அங்கிருந்து தெரியாது. அந்த உயரத்தில் நிற்பவரை ஓட்டுநரும் பார்க்க முடியாது. எனவே வாகனங்களுக்கு இடையிலிருந்து கடக்கக் கூடாது. விளிம்பில் நிற்பது, இருபுறமும் பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, கடந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நடப்பது என்ற வரிசையை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடுகள் கேடயமல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: ஒரு வாகனம் நின்றாலும், அதன் மறைவில் இன்னொன்று நிற்காமல் வரக்கூடும்.

வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறு வயதில் முழுமையாக வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒப்பிக்கிற குழந்தையானாலும் கையைப் பிடித்தே கடக்க வேண்டும்.

"வண்டியே வரவில்லையே, ஏன் நிற்கிறோம்?" என்று குழந்தை கேட்கும் நாள் நிச்சயம் வரும். (நமக்கும் அந்தச் சபலம் உண்டு.) நீங்கள் அன்று சிவப்பில் கடந்துவிட்டால், இதுவரை சொன்னதெல்லாம் வீண். பழகிய பாதையில் சில நாட்கள், "இன்று நீதான் என்னை அழைத்துப் போக வேண்டும்" என்று பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். கை உங்கள் பிடியிலேயே இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம் நில்லுங்கள்" என்று குழந்தை உங்களைப் பின்னால் இழுத்தால், எவ்வளவு அவசரமானாலும் நின்றுவிடுங்கள்.