லிவர் நகராததற்குக் காரணம் டயர்

மேலூர்ப் பக்கம் 15 வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்த்து, அடியில் படுத்துத் துரு தேடி, கண்மாய் மண்ணில் நாலு வீல் போட்டும், அதாவது இன்ஜின் விசையை நாலு சக்கரத்துக்கும் கொடுத்தும், ஓட்டினேன். எல்லாம் சரி.

மறுநாள் அழகர்கோவில் ரோட்டில் மழை. நாலு வீல் போட்டு 5 கிலோமீட்டர் ஓட்டியபின் டூ வீல், நாலு வீல் மாற்றும் சின்ன லிவர் டூ வீலுக்குத் திரும்ப மறுத்தது. இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. ரிவர்ஸில் பத்தடி போனதும் 'டக்'கென்று விழுந்தது.

லிவர் இணைப்புக்கு கிரீஸ், விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் புது ஆயில், ஒன்றும் பலிக்கவில்லை. கேஸைப் பிரித்தே ஆகணும் என்றார் மெக்கானிக். நாலு நாள் போச்சு.

பஞ்சர் கடைப் பையன்தான், "முன்னாடி புது டயரு, பின்னாடி தேஞ்சது. பாத்தீங்களாண்ணே?" என்றான். நாலிலும் ஒரே சைஸ்தான் அச்சாகியிருந்தது, அதில்தான் ஏமாந்தேன். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி டேப்பில் அளந்தேன். முன்னால் 221 செ.மீ., பின்னால் 217. முன் பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது; நாலு வீலில் முன் பின் ஷாஃப்ட் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். கிலோமீட்டருக்கு 8 சுற்று வித்தியாசம் முறுக்காக ஏறி கியரைக் கவ்விக்கொள்கிறது. மண்ணில் டயர் வழுக்கி முறுக்கு கழன்றுவிடும், அதனால்தான் கண்மாயில் தெரியவில்லை.

பின்னாலும் அதே டயர் ஜோடி போட்டேன். லிவர் ஒரு விரலுக்கு வருகிறது. தார் ரோட்டில் நாலு வீல் போடுவதையும் விட்டுவிட்டேன், மழையென்றாலும்.