ஆலன் கீயோடு மாமல்லபுரம் வரை: தனிப் பயணத்தில் சைக்கிளை உடலுக்குப் பொருத்தும் முறை

வீட்டு வாசலில் சுவரைப் பிடித்தபடி ஏறி அமர்ந்து சரிபார்க்கும் சீட் உயரம் முதல் 10 கிலோமீட்டருக்கு எவருக்கும் சரியாகத்தான் இருக்கும். இடுப்பு தளர்ந்து, தோள் இறங்கி, கைகள் உடல் எடையைத் தாங்கத் தொடங்கும் ஐம்பதாவது கிலோமீட்டரில்தான் அந்த அளவு நமக்குப் பொருந்துகிறதா என்பது தெரியவரும். ஆகவே சைக்கிளை உடலுக்குப் பொருத்தும் வேலையின் பிற்பாதியைச் சாலையில்தான் செய்தாக வேண்டும். அதையும் தனியாகப் போய்ச் செய்வதே நல்லது. குழுவோடு போகும்போது, 2 மி.மீ. மாற்றத்துக்காக இருபது பேரையும் ஓரங்கட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது. வலியைப் பொறுத்துக்கொண்டு மிதித்துவிடுவோம்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கென்றே அமைந்தாற்போல் இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் ஏறத்தாழ 20 கி.மீ.; மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கி.மீ. மலைப்பாதையில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமலே உருள்வோம். உடல் அடிக்கடி நிலையை மாற்றிக்கொள்வதால் சீட்டின் குறை வெளியே தெரியாது. இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. போய்த் திரும்பும் 90 கிலோமீட்டரையும் ஏறக்குறைய ஒரே நிலையில் அமர்ந்து மிதிப்பதால், எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போகிறது.

முதலில் வீட்டில் ஒரு தொடக்க நிலையை அமைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டில் அமரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி வரை உள்ள அளவை 0.883ஆல் பெருக்கினால், க்ராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ. என்றால் சீட் உயரம் 70.6 செ.மீ. இதைக் குதிகாலால் சரிபார்க்கலாம்: பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். செல்பேசியைப் பூந்தொட்டி மீது சாய்த்து வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்த்தால் இது எளிதில் தெரியும்.

சீட்டை எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே வைப்பது என்பதற்கு ஒரு நூலும் ஒரு நட்டும் போதும். இரு க்ராங்குகளும் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து தொங்கவிட்ட நூல் பெடல் அச்சின்மீது விழ வேண்டும் என்பார்கள். இது தொடங்குவதற்கு வசதியான ஓர் இடம், அவ்வளவுதான். தொடை நீளமானவர்கள் இதை வேதவாக்காகக் கொண்டு அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சீட்டின் சாய்வை மட்டப்பலகையால் பார்த்துச் சமமாக வையுங்கள். முன்முனையான மூக்குப் பகுதி ஓரிரு டிகிரி தாழ்ந்திருந்தாலும் குற்றமில்லை. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில், இவ்வளவாவது உள்ளே இருக்க வேண்டும் என்று பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு மட்டும் வெளியே தெரியவே கூடாது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, இப்போதைய நிலையைக் குறித்துவைப்பது. சீட் போஸ்ட் சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, விளிம்பை ஒட்டி இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். சீட்டின் அடியிலுள்ள கம்பிகளில், கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடிப்பான்) பிடிக்கும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போதும். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீக்கள் (அறுகோணத் திருகுச் சாவிகள்), ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல், துண்டு பென்சில், நான்காக மடித்த ஒரு தாள் ஆகியவற்றைப் பஞ்சர் சாமான்களோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை நான்கரைக்கு, முன்விளக்கும் பின்விளக்கும் எரியக் கிளம்பிவிட வேண்டும். காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் விடியற்காலை சாதுவாகவே இருக்கும். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும், வெயிலும் சேர்ந்துகொள்ளும் என்பதால் பத்து மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று போகும்போது முதுகைத் தள்ளிக்கொடுத்துவிட்டு, வரும்போது முகத்தில் அறையும். அந்த நாட்களில் சீட் உயரத்தைப் போகும் வழியிலும், ஹேண்டில்பாரின் உயரத்தையும் எட்டத்தையும் (சீட்டிலிருந்து கை எட்ட வேண்டிய தூரம்) திரும்பும் வழியிலும் சோதிப்பது என் வழக்கம். எதிர்காற்றுக்குக் குனிந்து ஒரு மணி நேரம் மிதித்தால்தான் கழுத்தும் கையும் உண்மையைச் சொல்லும்.

முதல் 20 கிலோமீட்டரில் எதையும் தொட வேண்டாம். உடல் சூடாகுமுன் தோன்றும் பிடிப்புகளில் பாதி தாமாகவே விலகிவிடும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்; அதைக் கடந்த பிறகு நிழலும் அகலமும் உள்ள ஓர் ஓரத்தில் நிறுத்தி, எங்கே, எந்தப் பக்கம், எத்தனையாவது கிலோமீட்டரில் வலித்தது என்று எழுதிவிட்டு, அதன் பிறகு ஆலன் கீயை எடுங்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது அளவுக்கு மீறி முன்னே வந்திருக்கும். பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சீட் உயரம் அதிகம். கூடவே ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடினால் சந்தேகமே வேண்டாம். எதுவானாலும் ஒரு தடவைக்கு 3 மி.மீ. மட்டும் மாற்றி, அடுத்த 15 கி.மீ. வேறெதையும் தொடாமல் மிதியுங்கள். இரண்டு திருகுகளை ஒரே நிறுத்தத்தில் திருப்பினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: சீட்டை 10 மி.மீ. பின்னே தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 3 மி.மீ. கூடிவிடும், அந்த அளவுக்குச் சீட்டைத் தாழ்த்துவதையும் சேர்த்து ஒரே மாற்றமாகவே கொள்ள வேண்டும்.

திருகைத் திருப்புமுன் டேப்பைப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை என் முழங்கால்தான் எனக்குக் கற்பித்தது. ஒருமுறை கோவளம் தாண்டியதும் வலது முழங்காலின் முன்பக்கம் குத்தத் தொடங்கியது. சீட் முன்னே இருக்கிறது என்று நானே தீர்மானித்து, 5 மி.மீ. பின்னே தள்ளினேன், வலி குறையவில்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு எதிரே நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டிய கறுப்பு டேப் மூன்று மடிப்பாகச் சுருங்கி, போஸ்ட்டைச் சட்டத்தோடு இறுக்கும் கிளாம்ப்பின்மேல் வளையம்போல் திரண்டிருந்தது. சீட் போஸ்ட் வழிநெடுக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்கேல் வைத்தால் 8 மி.மீ. முந்தின வாரம் கிரீஸ் தடவிவிட்டு, கிளாம்ப்பைக் கைக்கணக்கில் இறுக்கிய என் பிழைதான் அது. உலோக சீட் போஸ்ட்டுக்குக் கிரீஸ் கட்டாயம் வேண்டும். வியர்வையும் கடலுப்பும் சேர்ந்தால் நம் ஊரில் அது சட்டத்தோடு இறுகிக் கழற்ற முடியாமல் போய்விடும். கார்பன் போஸ்ட்டுக்கோ கிரீஸ் ஆகாது, அதற்கென உள்ள பேஸ்ட்தான் போட வேண்டும். இரண்டிலும் கிளாம்ப்பில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் வீட்டிலேயே இறுக்கிவிடுங்கள். வழியில் திருகைத் தளர்த்த நேர்ந்தால், எத்தனை சுற்று தளர்த்தினோம் என்று எண்ணி, இறுக்கும்போது அதே கணக்குக்குத் திரும்ப வாருங்கள்.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் வெளி ஓரமாகச் செல்லும் அல்நார் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். உடனே ஹேண்டில்பாரைக் குறை சொல்லத் தோன்றும். நான் முதலில் சீட்டின் சாய்வைத்தான் பார்ப்பேன். மூக்கு அதிகம் தாழ்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த எடை முழுவதையும் கைகள் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். மாறாக, தொடைகளின் நடுவே மரத்துப்போனால் மூக்கு தூக்கியிருக்கலாம். சீட் சரியாக இருந்தும் கழுத்தும் தோளும் இறுகினால்தான் எட்டம் அதிகம் என்று கொள்ள வேண்டும். அதற்காகச் சீட்டை முன்னே இழுப்பது கழுத்துக் கடனை முழங்காலிடம் வாங்கி அடைப்பதற்குச் சமம். சீட்டின் இடத்தைக் கால் தீர்மானிக்கட்டும். கைக்கு வேண்டியதை, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றிப் பெறலாம். ஆனால் ஸ்டெம்மையோ அதன் கீழுள்ள வளையங்களையோ சாலையோரத்தில் கழற்றாதீர்கள். ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் இறுக்கம் தவறிவிட்டால் முன்சக்கரமே ஆட்டம் காணும். வழியில் செய்யத்தக்கது ஹேண்டில்பாரை ஓரிரு டிகிரி சுழற்றுவது மட்டுமே.

எல்லா வலியும் சைக்கிளின் பொருத்தத்தால் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெக்கையில் பாதம் வீங்கும். விரல் நுனி எரிந்தால், ஷூவைப் பெடலில் பூட்டும் க்ளீட்டைத் தொடுமுன் ஷூவின் கட்டைத் தளர்த்திப் பாருங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடித்து, உப்பும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மூன்றாவது மணி நேரத்தில் எந்தச் சீட்டும் தவறாகவே தோன்றும். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பு சாளுவன்குப்பம் புலிக்குகைப் பக்கம் சவுக்கு நிழலில் கால் மணி நேரம் ஆறி அமர்ந்துவிட்டு, அதன் பிறகும் அதே இடத்தில் அதே வலி வந்தால் மட்டும் தாளில் எழுதுங்கள். மூட்டு வீங்கினாலோ வலி கூர்மையாகத் தைத்தாலோ பயணம் அத்தோடு முடிந்தது. ஒரு குட்டி யானை சரக்கு வண்டியை வரவழைத்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவதில் எந்த அவமானமும் இல்லை.

வீடு வந்து குளிக்கப் போகுமுன், உப்புப் படிந்த போஸ்ட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: க்ராங்க் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு, தரையிலிருந்து ஹேண்டில்பார். புதிய உயரத்தில் புது டேப் ஒன்றைச் சுற்றுங்கள். பழையதைப் பிய்த்து எறிய வேண்டாம். அடுத்த இரண்டு ஞாயிறும் எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்த்து, புதிய நிலை பழகாவிட்டால் திரும்பிப் போக அந்த டேப் வேண்டியிருக்கும்.