தீபாவளி, பொங்கல், வருசப்பிறப்பு: தோட்டத்து இளைஞர்களுக்கு எச்.பி.வி. ஊசி போடவைப்பது எப்படி

"அது பொம்பளப் பிள்ளைகளுக்குப் போடுற ஊசிதானே?" இந்தக் கேள்விதான் முதலில் வரும். எச்.பி.வி. என்பது உடலுறவால் தொற்றி, மருவையும் சில புற்றுநோய்களையும் உண்டாக்கும் வைரஸ்; அதைத் தடுப்பது இந்த ஊசி. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்குத்தான் இலவசமாகப் போடுகிறார்கள். ஆண்கள் தனியாரிடம் காசு கொடுத்தே போட வேண்டும். ஆகவே பேசப் போகுமுன் ஹட்டனிலோ பதுளையிலோ விசாரித்து, ஓர் ஊசியின் விலையைக் கேட்டு வையுங்கள். எத்தனை வகை வைரஸுக்கு எதிரானது என்றும் கேளுங்கள். இரண்டு வகைக்கானது பாலுறுப்பு மருவைத் தடுக்காது. நான்கு அல்லது ஒன்பது வகைக்கானது தடுக்கும்.

காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேசாதீர்கள். லயக் காம்பராவில் அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். பின்னேரம் விளையாட்டு மைதானத்தில், தனியாகப் பேசுங்கள். மருவில் தொடங்குங்கள், அது இளைஞனுக்கு உடனே விளங்கும். தொண்டை, மலவாய், ஆண்குறிப் புற்றுநோய்களும் மனைவியின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் பிறகு வரட்டும். "அப்ப எனக்கு நோய் இருக்குன்னு சொல்றீங்களா?" என்று முகம் சுருங்கினால், உடலுறவு கொள்ளும் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் ஒருமுறையாவது தொற்றும், அநேகமாக இரண்டு வருடத்தில் தானே போய்விடும் என்று சொல்லுங்கள். ஊசி யார் நடத்தையையும் சந்தேகிப்பதல்ல. இருக்கும் தொற்றை அது குணமாக்காது என்பதையும் மறைக்காதீர்கள். ஆண்மை குறையாது, உயிருள்ள வைரஸ் அதில் இல்லை.

9 முதல் 14 வயதுக்கு 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயது முதல் மூன்று: முதல் நாள், 1–2 மாதத்தில், 6ஆம் மாதத்தில். 26 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கட்டும்.

சம்மதித்தவர்களும் தவறவிடுவது மூன்றாவது ஊசியைத்தான். கொழும்பில் கடை வேலை, லீவு இல்லை. அதனால் ஊருக்கு வரும் நாட்களோடு சேர்த்துவிடுங்கள்: தீபாவளிக்கு முதலாவது, தைப்பொங்கலுக்கு இரண்டாவது, சித்திரை வருசப்பிறப்புக்கு மூன்றாவது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் குறைந்தது 5 மாதம் கட்டாயம். தீபாவளி நவம்பர் நடுவில் வந்தால் நாட்களை எண்ணிப் பாருங்கள். பிந்தினாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து போடத் தேவையில்லை.

விடிய பஸ் ஏறி வெறும் வயிற்றோடு போகிறவர்கள் மயங்கி விழுவதுண்டு. சாப்பிட்டுப் போகட்டும், போட்டபின் 15 நிமிடம் உட்காரட்டும். கடும் காய்ச்சலென்றால் தள்ளிப்போடுங்கள். ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் முன்னரே சொல்ல வேண்டும்.

வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கு இந்த ஊசி காப்பல்ல. கணவன் போட்டுக்கொண்டாலும் மனைவி 35 வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும்.

ஊசி அட்டையை அன்றே போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். லயத்து மழை ஒழுக்கில் அட்டை நனைந்துபோனாலும், அடுத்த ஊசி போடப் போகும்போது அந்தப் படம் உதவும்.